டிக்குக்குக் கீழே ஒரு கையெழுத்து

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் என்று படுக்காமல் நல்லபடியாக இருக்கவேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு அதுதான். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முட்டி வலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான், அந்தப் படியிலும் ஏறுகிற வேலை இப்போது இல்லாமல் போய்விட்டது, அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் போதும், உன் அப்பா பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், மாடியில் உன் மாமா ஜன்னலைத் திறந்து வைக்கிறான். இரண்டு பேருக்கும் வேறு வேலைவெட்டி கிடையாது. இதற்குள் மாமா உனக்கு போன் செய்து, கூடப்பிறந்த அக்காவே என்னைக் கவிழ்த்துவிட்டாள் என்று ஒரு மூச்சு புலம்பியிருப்பான். அதைக் கேட்டு நீயும் என்னைப் பற்றி ஏதாவது நினைத்திருப்பாய். முழுக்கப் படி, பிறகு நினை.

மாமா நகர மன்றத் தேர்தலில் நின்றது உனக்குத் தெரியும். எப்படி நின்றான் என்பது தெரியாது. தெரு முழுக்க அவன் மூஞ்சிதான். காதில் போனை வைத்துக்கொண்டு எங்கேயோ தூரத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு படம், பெரிய பெரிய ஆட்களோடு பேசுகிறானாம், அந்தப் பக்கம் யார் இருந்திருப்பார்கள், கேஸ் சிலிண்டர்காரன் இருந்திருப்பான். எதிர்த்து நின்ற பல் டாக்டர் இதில் இவனுக்கும் ஒரு படி மேல். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் பார்த்துப் பல்லைக் காட்டுவார், அது சிரிப்பா விளம்பரமா என்று நமக்குப் புரியாது. இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் ஜனங்கள்தான் என்ன செய்வார்கள், சரிபாதியாகப் பிரிந்து நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்காதே. கூடப்பிறந்த பாவத்துக்கு அவனுக்குத்தான் போட்டேன், வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டேன். எண்ணி முடித்தபோது மாமா ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்திருந்தான். அந்த ஒற்றை ஓட்டுக்கு அவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அடேயப்பா, உலகத்தையே ஜெயித்தவன்கூட அப்படி ஆடியிருக்கமாட்டான். நன்றி போஸ்டர் என்ன, அல்லக்கைகளோடு ஊர்வலம் என்ன. பல் டாக்டர் சும்மா இருப்பாரா, மறுபடி எண்ணவேண்டும் என்று மனுக் கொடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் உன் அப்பாவின் கதையையும் சொல்லவேண்டும். மாமா காரைப் பின்னால் எடுக்கும்போது நம் கேட்டை இடித்து நெளித்ததும், கேட் குறுகல், அதான் இடிச்சிடுச்சு என்று கேட் மேலேயே பழியைப் போட்டதும் உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு நின்ற பேச்சு. ஒரே வீடு, இவர் கீழே, அவன் மேலே, நடுவில் நான் தபால்காரி. அவனைத் தண்ணியை அளவா விடச் சொல்லு என்று இவர் என்னிடம் சொல்வார், அவரை டிவியை மெதுவா வைக்கச் சொல்லு என்று அவன் என்னிடம் சொல்வான், இருவரும் ஒரே வாசலில் நின்றுகொண்டே என்னிடம் சொல்வார்கள். வெட்கம் என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது. தேர்தல் வந்ததும் உன் அப்பாவுக்கு ஒரு புது உற்சாகம். பால் வாங்கப் போனால் பால்காரனிடம், முடி வெட்டப் போனால் கடையில் உட்கார்ந்திருப்பவர்களிடம், என் ஓட்டு அந்த வெத்துவேட்டுக்குக் கிடையாது, செத்தாலும் கிடையாது என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். ஊரில் ஒருவர் பாக்கியில்லை.

மறு எண்ணிக்கைக்கு இரண்டு பக்கமும் மேஜைக்கு ஒரு ஆளைப் பார்வையாளராக அனுப்பலாம், சம்பளம் கிடையாது, தன்னார்வம். மாமாவோடு ஊர்வலம் போன அல்லக்கைகளில் ஒருத்தனுக்குக்கூட நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்காரத் தைரியமில்லை. ஒருத்தனுக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம், ஒருத்தனுக்கு வண்டி பஞ்சராம். கடைசியில் இவன் படியிறங்கி வந்து, அக்கா உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது, எனக்காக வந்து உட்காரு என்று கெஞ்சினான். சின்ன வயதில் செருப்பு அறுந்துபோனால் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவான், அதே மூஞ்சி. போய்த் தொலைந்தேன்.

எண்ணிக்கை நடந்தது விளையாட்டு அரங்கில். பந்து போடுகிற வளையத்தை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, மரத்தரை பாழாகாமல் இருக்கப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டிருந்தார்கள், நடந்தால் சரக் சரக் என்று சத்தம். உட்காரக் கொடுத்தது குழந்தைகள் நாற்காலி. என் முட்டி என் தாடையைத் தொட்டது. காகிதத்தைத் தொடக்கூடாது, கை இரண்டும் மடியில் இருக்கவேண்டும், சந்தேகம் வந்தால் சொல்லலாம், பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன் என்று காலையிலேயே எங்களை வரிசையாக நிற்க வைத்து வாக்குறுதி வாங்கினார்கள். தேர்தல் அதிகாரி ஒரு அம்மாள், மூக்கடைப்போடு வந்திருந்தாள், அந்தக் கூட்டத்தில் மூளையோடு வந்திருந்ததும் அவள் ஒருத்திதான். எனக்கு எதிரே பல் டாக்டரின் ஆள், அவனுக்கு நான் வைத்த பெயர் கொட்டாவி. அவன் வாயைத் திறந்தால் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது, டாக்டருடைய ஆளாச்சே, வைத்தியம் பார்த்துக்கொள்ளக்கூடாதா. மாமாவும் டாக்டரும் ஒரு கயிற்றுக்குப் பின்னால், ஆளுக்கொரு மூலையில், எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றார்கள்.

ஜனங்கள் ஓட்டுச்சீட்டில் செய்திருக்கிற கூத்தைப் பார்த்தால் யாருக்கும் ஓட்டுரிமையே கொடுக்கக்கூடாது என்று தோன்றும். ஒரு புண்ணியவான் இரண்டு பேருக்கும் டிக் அடித்துவிட்டு இரண்டையும் அடித்திருக்கிறான். ஒருத்தி மாமாவின் பெயருக்கு மீசை வரைந்திருக்கிறாள். ஒருத்தர் ரோட்டுக் குழியைப் பற்றி ஓரம் முழுக்க எழுதியிருக்கிறார். சந்தேகமானதையெல்லாம் ஒரு தட்டில் போட்டுவைத்துக் கடைசியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க மாமாவும் டாக்டரும் சமமாகவே வந்தார்கள். தட்டில் மிச்சம் ஒரே ஒரு சீட்டு. முதல் தடவை எண்ணியவர்கள் டிக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மாமாவின் ஓட்டுக் கட்டோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை கொட்டாவிக்கு எப்படியோ தூக்கம் கலைந்து, கீழே என்னமோ கிறுக்கியிருக்கு மேடம் என்று சொல்லிவிட்டான். அதிகாரியம்மாள் அதைக் கயிற்றுக்குப் பின்னால் நின்ற இருவருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு எங்கள் முன்னால் வைத்தாள்.

மாமாவின் பெயருக்கு நேரே அழகான டிக். டிக்குக்குக் கீழே ஸ்கேல் வைத்த மாதிரி இரண்டு கோடு. கோட்டுக்குக் கீழே வாலைச் சுருட்டிக்கொண்ட ஒரு சின்னக் கையெழுத்து, சுருளுக்குள்ளே ஒரு புள்ளி.

உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கிடங்கு மேற்பார்வை வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி இத்தனை காலம் ஆகியும் அந்த மனுஷனுக்குக் கை நிற்கவில்லை. கையெழுத்து இல்லாத டிக் டிக்கே இல்லை, நாளைக்கு யார் பாத்தான்னு கேட்டா எவன் பதில் சொல்றது என்று வேலைக்கு வந்த ஒவ்வொருத்தன் உயிரையும் வாங்கியவர். நீ பள்ளிக்கூடத்தில் வரைந்த யானையின் வயிற்றில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு உன்னை அழ வைத்தவர். உன் கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்த நாற்காலிகளின் முதுகில் சாக்பீஸால் போட்டுக்கொண்டே போனவர். ஓட்டுப்பெட்டிக்கு முன்னால் போய்க் கிடங்கு ஞாபகத்தில் சரக்கு சரிபார்த்துவிட்டு வந்திருக்கிறார்! அதுவும் யாருக்கு? செத்தாலும் கிடையாது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த அந்த வெத்துவேட்டுக்கு! எனக்கு முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. கேட்டை இடித்தவன் மேல் இவருக்கு இவ்வளவு ஒட்டுதல் இருக்கிறதே, அதை என்னிடம்கூடச் சொல்லாமல் திரைக்குப் பின்னால் போய்த் தனியாகச் செய்திருக்கிறாரே என்று கண் கலங்கிவிட்டது.

அதிகாரியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு விதியைப் படித்தாள். வெறும் கிறுக்கல்னா செல்லும், போட்டவர் யாருன்னு அடையாளம் தெரியுற மாதிரி இருந்தா செல்லாது, இது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுதா என்று கேட்டாள். கொட்டாவி உதட்டைப் பிதுக்கினான். அடுத்து என்னைப் பார்த்தாள். கயிற்றுக்குப் பின்னாலிருந்து மாமாவும் என்னைப் பார்த்தான், கூட்டத்துக்கு முன்னால் என்னைக் கும்பிடாத குறை. தெரியாது என்ற ஒரு வார்த்தைதான், சொல்லியிருந்தால் அவன் ஜெயித்திருப்பான். காலையில் வாக்குறுதி கொடுத்த அதே வாய், பொய் வரவில்லை. தெரியுதும்மா என்றேன். பேரைச் சொல்லாதீங்க, ஓட்டு ரகசியம் என்று அவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, செல்லாது என்று எழுதிவிட்டாள். சமம். அப்புறம் என்ன, இத்தனை பேர் வெயிலில் நின்று போட்ட ஓட்டெல்லாம் போய், இரண்டு காகிதத்தை மடித்து யாருடைய டிபன் டப்பாவிலோ போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். டாக்டர் பெயர் வந்தது. அவர் பல்லைக் காட்டினார். இதற்குப் பெயர் மக்கள் தீர்ப்பாம், சீ.

வாசலில் மாமா என்னை மறித்து, யாருதுக்கா அது, சொல்லு என்றான். உன் மச்சானோடதுடா என்றேன். அவனுக்குத் தோற்றதே மறந்துபோனது. விறுவிறுவென்று நடந்து வந்து, கேட் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக நம் கதவைத் தட்டினான். அப்பா திறந்தார். மச்சான், அந்தச் சீட்டுல இருந்தது உங்க கையெழுத்தா, எனக்கா போட்டீங்க என்று கேட்டான். உன் அப்பா முகத்தில் ஒரு நொடி என்னவோ வந்தது, நான் பார்த்தேன், நல்ல வார்த்தை ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது என்ன தெரியுமா? உனக்கா, எனக்கென்ன கிறுக்கா, அது என் கையெழுத்தே இல்ல என்று சொல்லிவிட்டுப் போய் டிவியைப் போட்டார். ஓட்டுப் போட வராத வெட்கம், போட்டேன் என்று சொல்ல வந்துவிட்டது அந்த மகானுக்கு. மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, அப்ப பொய் சொல்லித்தான் என்னைக் கவுத்தியா அக்கா, டாக்டர் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

அவனை நடக்கப் பழக்கியவள் நான். என்னைப் பார்த்து எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டான். அது எனக்கு வலிக்கிறது, மறைக்கமாட்டேன். அன்றிலிருந்து அவன் இறங்கி வருவதில்லை, நான் ஏறிப் போவதில்லை. உன் அப்பாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டால், ஓட்டுங்கிறது ரகசியம், அதைப் பத்திப் பேசக்கூடாது என்கிறார், பால்காரனிடம் பேசிய வாய்! அவனும் என் பேச்சை நம்பமாட்டான், இவரும் ஒத்துக்கொள்ளமாட்டார். மாமா மதிக்கிறது உன் ஒருத்தியைத்தான். அவனுக்கு போன் போட்டு, அம்மா பொய் சொல்கிற ஆளில்லை என்று சொல். மச்சான் உனக்குத்தான் போட்டார், அதைச் சொல்லத்தான் வக்கில்லை என்று சொல். அவன் பதவி போனால் போகட்டும், அவனெல்லாம் பதவியில் உட்கார்ந்து என்னத்தைக் கிழித்திருக்கப் போகிறான், ஆனால் ஒருத்தர் உள்ளுக்குள்ளே அவனை நினைத்தார் என்பது அவனுக்குத் தெரியாமல் போகக்கூடாது.

வேறென்ன. குட்டிக்குக் காலில் சாக்ஸ் போடாமல் தரையில் விடாதே. நீ வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் காலையில் சாப்பிடாமல் போவதாக மாப்பிள்ளை சொன்னார், வயிற்றைக் காயப்போட்டு யாருக்குச் சம்பாதிக்கிறாய். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் நினைப்பதை வாயைத் திறந்து சொல்லிக்கொண்டு நூறு வருஷம் நன்றாக இருங்கள், எனக்கு அது போதும். மாமாவுக்கு போன் செய்ய மறந்துவிடாதே.

என்றும் உன் நினைப்பாக,
அம்மா

பின்குறிப்பு: இதை மேஜையில் வைத்துவிட்டுக் கவர் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் உன் அப்பா எடுத்துப் படித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தின் அடியில், என் பெயருக்குக் கீழே பார், ‘இதில் எழுதியிருப்பது அத்தனையும் பொய்’ என்று அவர் கையால் எழுதி, ஒரு டிக் அடித்து, இரண்டு கோடு போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறார். புள்ளிகூட விடவில்லை. மாமாவிடம் நீ ஒன்றும் பேசவேண்டாம், அந்த மூலையை மட்டும் படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவிடு.