வலைக்கு வெளியே மாங்கன்றுகள்

வைகாசி, செவ்வாய் இரவு.

ரெண்டு நாள் வத்திராயிருப்பில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர், எங்கள் நர்சரியில் நிழல்வலைக்குள் இருந்த மாங்கன்றுகளை மொத்தமாக வெளியே தூக்கி, பரேடு நிறுத்தின மாதிரி வெயிலில் வரிசையாக வைத்திருக்கிறார். பாதிக் கன்றுகளின் இலை வெளுத்துக் கருகிவிட்டது.

"வெயில்ல நின்னாத்தான உரம் ஏறும்?" என்றார்.

"ஏறும். தினம் செத்த நேரம் வெளிய வச்சுப் பழக்கணும். புற ஊதாக் கதிரைத் தாங்குற அளவுக்கு இலை தடிக்கணும், உள்ளுக்குள்ள அதுக்கான சத்து ஊறணும். வலைக்குள்ள வளந்த கன்னுக்கு அது ஒரே நாள்ல வருமா?"

கன்றுகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்தார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனாலும் குருத்து பிழைத்த கன்றுகள் செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தச் சிவப்புதான் இளசுக்குக் குடை.

பட்டாளத்திலிருந்து ஓய்வு வாங்கி வந்து ஒரு மாசமாகிறது. இந்தக் கேட்டைத் தாண்டி இவர் எங்கேயும் போகவில்லை. யாராவது வந்தால் வலைக்குள் போய்விடுகிறார்.

தேறுகிற கன்றுகளை அடுத்த வாரம் காலை வெயிலில் வைக்க வேண்டும். இவரை நாளைக்கு டீக்கடை வரைக்கும் கூட்டிப்போக வேண்டும். செத்த நேரம் போதும்.