ஆட்டோவை அணைத்து எடுத்த படம்

பனிமய மாதா துணை
தூத்துக்குடி

அன்பு மகன் ரெக்சனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ராட்டர்டாமில் நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும், இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அதில் பாதிதான் நிஜம், மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போன் வந்தாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறந்தால் கண்ணை உருட்டுகிறார், அப்புறம் எங்கே சொல்ல. உன் தங்கை விஜிலாவின் மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், அகப்பட்டதையெல்லாம் இழுத்துப் போடுகிறாள், அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

விஷயம் நீ கொடுத்துவிட்டுப் போன கேமராவைப் பற்றித்தான். எல்லாம் ஆட்டோவில் வைத்திருக்கிறேன், அமுக்கினால் போதும் என்றாய். திருவிழா அன்று அப்பாவைக் கடற்கரையில் நிறுத்தி அமுக்கினேன், கடலும் வானமும் பளபளவென்று விழுந்திருக்கிறது, அப்பா முகம் மட்டும் அடுப்புக்கரி. ஸ்டுடியோ பர்னபாஸிடம் காட்டினேன். யக்கா, பின்னால இருக்க வெளிச்சத்தைப் பாத்து கேமரா தானாக் குறைச்சுக்கிடுது, வெளிச்சத்தைப் பிளஸ் பக்கம் கொஞ்சம் ஏத்தி எடுங்க என்றான். ஏற்றி எடுத்தேன். வந்தது பார் முகம், ஏ அப்பா, மாப்பிள்ளை முகம்! கன்னம் மினுங்குகிறது, கண்ணுக்குக் கீழே கருப்பே இல்லை. அப்பாவுக்கு ஒரே குஷி, இதையே அனுப்பு என்றார். அதைப் பார்த்துத்தானே நீ, அப்பா நல்லாத்தான இருக்காங்க, டாக்டர் சும்மா பயங்காட்டுதாரு, நான் அடுத்த வருசம் வாரேன் என்றாய். போனை வைத்ததும் அப்பா, பாத்தியாளா, பிள்ளை நிம்மதியா இருக்கான் என்று சிரித்தார்.

மறுநாளே பர்னபாஸிடம் போய் இது என்ன மாயமென்று கேட்டேன். முகத்தைத் திருத்துகிற செட்டிங் ஒன்று நீ வைத்தபடியே ஓடிக்கொண்டிருக்கிறதாம், சுருக்கம், கருவளையம் எல்லாவற்றையும் அதுவே அழித்துவிடுமாம். நல்லா இருக்கிறது கூத்து, ஈரல் நோயையும் அது அழிக்குமா? அதையும் ஆட்டோவையும் சேர்த்தே அணைத்துவிட்டேன். நேற்றுக் காலை அப்பா வாசலில் பேப்பர் படிக்கும்போது அவருக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்தேன். விஜிலா கல்யாணத்துக்குத் தைத்த சட்டைதான் போட்டிருக்கிறார், கொடியில் காய்கிற மாதிரித் தொங்குகிறது பார். கண்ணில் தெரிகிற மஞ்சள் கேமராவின் கோளாறு இல்லை ராசா.

சாயங்காலம் துறைமுகத்தில் கப்பல் ஊதினால், நம்ம பய இந்நேரம் சாப்புட்டுருப்பானா என்று கேட்கிறார். வா என்று உன்னிடம் கேட்க மாட்டார், அவர் வீம்பு உனக்குத் தெரியாததா. நான் கேட்கிறேன். எனக்கும் உன்னைப் பார்க்காமல் முடியவில்லை, உனக்கு அனுப்புகிற பார்சலுக்கு முந்திரி மக்ரூன் வாங்கும்போது கடையிலேயே அழுதுவிட்டேன்.

மாதா உன்னைக் கண்ணின் மணி போலக் காக்கட்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. படமுள்ள கேமரா மெமரி கார்டை மக்ரூன் டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கிறேன், அப்பாவிடம் மூச்சு விடாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கம்ப்யூட்டரில் ஏற்றியதும் இருட்டாக இருக்கிறதென்று வெளிச்சத்தைக் கூட்டாதே, எதையும் திருத்தாதே. உள்ளபடியே பார். பார்த்துவிட்டு டிக்கெட் போடு.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும் அம்மா
ஆக்னஸ்