போகும்போது சீனம், வரும்போது தமிழ்

ஷிஃபு,

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வெளியூர்க்காரர் ஒருவர் வெறும் வெந்நீர் கேட்டார். டீ மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்க சீனாக்காரருக்குப் பொறவு இப்பத்தான் ஒருத்தர் வெந்நி கேக்காரு" என்றார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீ காலமான செய்தியை, என் வீட்டைத் தவிர, இந்த ஊரில் இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

நூல் மில்லில் புது மெஷின் மாட்ட நீ சீனாவிலிருந்து வந்தபோது, உன்னை ஏற்றி இறக்க முதலாளி தேடித் தேடிப் பிடித்த டிரைவர் நான். மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருக்க, "அவன் ஓட்டுனாத்தான் வண்டி குலுங்காது" என்று என் பெயரைச் சொன்னாராம். உன் லாட்ஜ் ஸ்ரீவில்லிபுத்தூரில். மில்லோ ராஜபாளையம் தாண்டி, தளவாய்புரம் போகிற ரோட்டில். முதல் நாளே என்னை நீ 'ஷிஃபு' என்றாய். தொழில் தெரிந்தவனைக் கூப்பிடுகிற மரியாதை அது, உங்கள் ஊரில் மெஷின் மாட்டுகிறவரும் ஷிஃபுதான், கார் ஓட்டுகிறவரும் ஷிஃபுதான் என்று செல்போனில் மொழிபெயர்த்துக் காட்டினாய். அன்றைக்கே நமக்குள் ஒப்பந்தம் ஆனது. காலையில் போகும்போது சீனம், சாயங்காலம் வரும்போது தமிழ்.

எட்டாம் வகுப்போடு நின்றவன், மூன்றே நாளில் சீனம் பேசினேன். அதற்குமேல் கொஞ்சம் நாள் ஆனது உனக்கு மட்டும்தான் தெரியும். என் வீட்டுக்காரிதான் நம்பவில்லை. "பேசுத தமிழ்லயே பாதி புளுகு. இதுல சீனம் வேறயா?" என்றாள்.

புளுகத்தான் நீ விடவில்லையே. கண்ணில் படுவதை மட்டும்தான் சீனத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டாய். மாடு வருகிறது. கண்மாயில் தண்ணீர் இல்லை. வத்திராயிருப்பு பஸ் முந்துகிறது. ஒருநாள் மேற்கே மலையைக் காட்டி, அங்கே நான் புலியை நேருக்கு நேர் பார்த்த கதையை ஆரம்பித்தேன். நான் முறைத்த முறைப்பில் அதுதான் வழிவிட்டு ஒதுங்கியது. நீ கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டி, முன்னும் பின்னும் பார்த்தாய்.

"புலி ரோட்டுல இல்ல, அண்ணாச்சி. சாயங்காலம் தமிழ்ல சொல்லு."

சாயங்காலம் சொன்னேன். சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் எடுத்துவிட்டது. நான் கற்றுக்கொடுத்த தமிழ் அப்படித்தான், கதையும் கேலியுமாக. மில் சூப்பர்வைசரைப் பார்த்து நீ, "ஏலே, எம்புட்டு நேரம் நிக்கது?" என்று கேட்டபோது ஷெட்டே சிரித்ததாமே.

பிறகு அந்த ஒரு சாயங்காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "தெங்" என்றாய். வலி. திரும்பி வரும்போது உன் வாயிலிருந்து அதுவரை ஒரு சீனச் சொல் வந்ததில்லை. காரை ஓரங்கட்டிவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன். நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "இத வச்சுக்கிட்டு அவரு இங்க வேல பாக்கக் கூடாது. ஊருக்குப் போயி உடனே வைத்தியம் பாக்கச் சொல்லுங்க." தெரிந்த சீனத்தையெல்லாம் திரட்டி உன்னிடம் சொன்னேன். லாட்ஜ் வாசலில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் மகள் காலேஜில் சேரும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஊருக்குப் போனால் உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், புத்தகத்தை மூடிவிடுவாள் என்றாய்.

"சொல்லாத, அண்ணாச்சி. யார்ட்டயும்."

நான் சொல்லவில்லை. இந்த வாய், வீட்டில்கூட மூச்சு விடவில்லை. பரீட்சை முடிந்த பிறகுதான் நீ விமானம் ஏறினாய். அன்றைக்கே உன்னை ஏற்றி அனுப்பியிருந்தால் என்று ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

ஊருக்குப் போன பிறகும் செல்போனில் நம் பாடம் நடந்தது. காலையில் நான் சீனத்தில் பேசி அனுப்புவேன், சாயங்காலம் நீ தமிழில். ஒருநாள் உன் எண்ணிலிருந்து உன் மகளின் குரல் வந்தது. அப்பா இறந்துவிட்டார் என்றாள். எனக்குப் புரிய வேண்டுமென்று, உன்னைப் போலவே சீனத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

போன வாரம் மறுபடி பேசினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வலி தொடங்கியது என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில், அப்படி இருக்காது, முன்பே இருந்திருக்கும் என்றிருக்கிறார்கள். "அப்பாவுக்கு அங்கேயே வலித்ததா? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அன்றுதான் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். "இம்புட்டையும் உள்ளுக்குள்ளயா வச்சிருந்தீக?" என்று என் வீட்டுக்காரி வாயில் கையை வைத்தாள். பிறகு, "கேக்குத பிள்ளைட்ட மறைக்காதீக. சொல்லிருங்க" என்றாள்.

தமிழில் கேட்டிருந்தால் உன்னைச் சிங்கமாக்கி, கோபுர உயரத்துக்கு ஒரு கதை கட்டியிருப்பேன். என்னிடம் இருந்ததோ ரோட்டில் படித்த சீனம். அவருக்கு வலித்தது. டாக்டர் பார்த்தார். அப்பா, சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. இவ்வளவுதான் வந்தது. அனுப்பிவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அவளிடமிருந்து ஒரே கேள்வி வந்தது. "ஏன் வீட்டுக்கு வரவில்லை?"

பரீட்சைக்குச் சீனத்தில் என்ன சொல்வது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தினமும் காலையில் காரில் ஏறியதும் நீ அவள் பரீட்சையைப் பற்றித்தான் பேசுவாய். ரோட்டில் இல்லாத ஒன்றைப் பற்றிச் சீனத்தில் நீ பேசியது அது மட்டும்தான். அந்தச் சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஷிஃபு. அவள் இப்போதுதான் காலேஜுக்குப் போய் வருகிறாள். தன் பரீட்சைக்காகத்தான் நீ வரவில்லை என்று தெரிந்தால் புத்தகத்தை மூடிவிடுவாள்.

எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். அவளிடம் 'தெரியாது' என்று சீனத்தில் சொன்னேன். நம்பினாளோ என்னவோ. நாளைக்கும் கேட்பாள் என்றுதான் நினைக்கிறேன். நாளைக்கும் அதையேதான் சொல்வேன். பரீட்சை என்ற சொல்லை அவளிடம் கொண்டுபோகாமல் நானே வைத்திருக்கிறேன்.