உறவு என்று ஒரு கட்டம்

கீழ்க்கட்டளை
4.2.2006

ஷார்ஜாவை ஆளும் மகாராணி, என் அக்கா பெற்ற செல்வம் மெஹ்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கீழ்க்கட்டளை முதல் மேடவாக்கம் கூட்டுரோடு வரை கட்டியாளும் பாட்சா மாமன் எழுதிக்கொண்டது. இங்கே சாம்ராஜ்ஜியம் செழிப்பாக இருக்கிறது. குடிமக்கள் மூன்று பேர்: தண்ணீர் மோட்டார், மேல்தொட்டி, மாடியில் குடியிருக்கும் துரைராஜ். மூவரில் மோட்டார்தான் காலையில் முதலில் குரல் கொடுக்கிறது. நீயும் மாப்பிள்ளை முதாசிரும் குட்டி ஃபாயிசாவும் சௌக்கியம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பக்ரீதுக்கு நீ அனுப்பிய அட்டையில் நான்கு வரி இருந்தது. நானூறு தடவை படித்ததில் மை தேய்ந்துவிட்டது. அடுத்த முறை தடித்த பேனாவால் எழுது.

போன் செய்யலாமே என்பாய். போனை எடுத்தால் எனக்கு ‘நல்லாருக்கேன்’ என்ற ஒரே வார்த்தைதான் வருகிறது. தாளைக் கண்டால்தான் வாய் திறக்கிறது.

விஷயம் இதுதான். உன் மாமனை விஞ்ஞானம் கண்டுபிடித்துவிட்டது. போன வருடம் நெஞ்சு வலித்து, இதயத்துக்குப் போகும் குழாயில் இரண்டு அடைப்பு என்று மாத்திரை கொடுத்தார்களே, அந்தத் தாம்பரம் ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வந்தது. டாக்டர் ரமா என்ற அம்மாள், என்னைப் போன்ற இருதயக்காரர்கள் இருநூறு பேரைச் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறார். இருநூறு பேரிலும் அழகன் நான்தான் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆகியிருக்கிறது.

காலையில் டீ கூடக் குடிக்காமல் போக வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் பத்து நிமிடம் மல்லாந்து படுக்க வேண்டும், பேசக் கூடாது. உலகத்தில் எந்த மன்னனுக்கும் இப்படி ஒரு தண்டனை கிடைத்ததில்லை. ஸ்கேன் பிடிக்கும் வேதசிரோமணி கடுப்பாகிவிட்டார். “இன்னா பாய், பத்து நிமிஷம் வாய மூடிக்கினு படுக்க மாட்டியா? நீ பேசப் பேச கை ஆடுது, படம் கலைஞ்சி பூடுது.”

பிறகு முன்கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி, ஒரு சொட்டு ரத்தம் போகாதபடி ஐந்து நிமிடம் இறுக்கி வைக்கிறார்கள். கை செத்த மீன் மாதிரி ஆகிவிடுகிறது, கோவளத்தில் ஏலமே விடலாம். படக்கென்று அவிழ்த்ததும், தாம்பரத்தில் மின்சார ரயிலில் ஏறும் கூட்டம் மாதிரி ரத்தம் பாய்கிறது. அந்தக் கூட்டத்துக்கு முழங்கைக்கு மேலுள்ள குழாய் எவ்வளவு விரிந்து வழிவிடுகிறது என்று அளக்கிறார்கள். உள்சுவர் ஆரோக்கியமாக இருந்தால் நூற்றுக்கு எட்டு, பத்து என்று அகலமாகுமாம். கெட்டுப்போயிருந்தால் கட்டை மாதிரி நிற்குமாம். கையில் இருக்கும் குழாய் எப்படியோ, நெஞ்சில் இருப்பதும் ஏறக்குறைய அப்படியே. இதை வைத்து, இனி யாருக்கு மாரடைப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி.

எனக்கா இதைச் சொல்லித் தர வேண்டும்? மறைமலை நகரில் இருபத்தாறு வருடம் கார் பிரேக் குழாய்களுக்கு அழுத்தம் ஏற்றி, உப்புகிறதா, வெடிக்கிறதா என்று பார்த்தவன். “ரப்பர் உள்பக்கம்தான் மொதல்ல சாகும் டாக்டர். வெளிய பளபளன்னு இருக்கும்” என்றேன். “அதேதான் பாட்சா சார்” என்று அசந்துவிட்டார்.

மாமன் வாங்கியது நூற்றுக்கு மூன்று. பள்ளிக்கூடத்தில் கணக்கில் வாங்கியதைவிட ஒன்று அதிகம்.

கடைசியாக ஒரு படிவம். இன்னும் மூன்று வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, இதேபோல் அளந்து, வலி வந்ததா, ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயா, இருக்கிறாயா, போனாயா என்று கேட்பார்கள். போனவன் போனை எடுக்க மாட்டான் என்பதால், பதில் சொல்ல இன்னொரு ஆள் வேண்டும். ஆள் இல்லாதவரை ஆராய்ச்சியில் சேர்க்க மாட்டார்களாம். உன் பெயரையும் நம்பரையும் எழுதினேன். உறவு என்று ஒரு கட்டம் இருந்தது, ரொம்பச் சின்னது. ‘அக்கா மகள், தகப்பன் போனபின் நான்கு வயதிலிருந்து என் வீட்டில் வளர்ந்தவள்’ என்று எழுத அதில் இடமில்லை. மகள் என்று எழுதினேன். மூன்று எழுத்து, கச்சிதமாக அடங்கியது.

தென்சென்னைப் பேரரசர்
பாட்சா மாமா


ஷார்ஜா
1.3.2006

மாமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே மூவரும் நலம்.

உங்கள் கடிதத்துக்கு நான்கு நாள் முன்பே அந்த டாக்டரின் போன் வந்துவிட்டது. நம்பர் சரிதானா என்று பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? “தாம்பரத்திலேருந்து டாக்டர் பேசறேன்மா, உங்கப்பா பாட்சா விஷயமா” என்றதும், ஃபாயிசாவை இடுப்பில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. நான் மகள் இல்லை, அவர் என் மாமா என்று சொல்லிவிட்டேன். “அப்ப வேற யார் பேராவது கேட்டு வாங்கட்டுமா?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதாசிர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா. 2003 ஆகஸ்டில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாரத்துக்கு ஒன்றாக நான்கு கடிதம் எழுதினீர்கள். நான்கும் என்னிடம் இருக்கின்றன. ஜெய்னப் பேகம் கட்டிலில் தர்பார் நடத்துகிறாள், நர்சுகள் கப்பம் கட்டுகிறார்கள், ஆஸ்பத்திரிச் சாம்பாரை எதிர்த்துப் போர் மூண்டிருக்கிறது என்று எழுதினீர்கள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதற்கப்புறம் வந்தது, அம்மா போய்விட்டார்கள் என்ற போன். நான் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள்.

“நீ மாசமா இருக்க, சொல்ல வேணாம்னு உங்கம்மாதான் சொல்லிச்சு” என்று வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். அன்று உங்களிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அம்மா அப்படிச் சொன்னார்களா? உங்கள் உடம்பு நிஜமாகவே எப்படி இருக்கிறது? இரண்டுக்கும் வேடிக்கை இல்லாமல் பதில் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் பேசுவேன்.

மெஹ்ரீன்


கீழ்க்கட்டளை
19.3.2006

மெஹ்ரீனுக்கு,

மகாராணி, சாம்ராஜ்ஜியம் எல்லாம் வைத்து ஒரு தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது.

உடம்பு. மாடிக்கு ஏறினால் ஏழாவது படியில் நெஞ்சு அழுத்துகிறது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை வாரத்துக்கு இரண்டு மூன்று தேவைப்படுகிறது. பரிசோதனையில் நான் வாங்கிய அந்த மூன்று நல்ல எண் இல்லை. அப்படியென்றால் எனக்கு மாரடைப்பு நிச்சயமா என்று டாக்டரிடம் கேட்டேன். “உங்களுக்குன்னு தனியா என்னால சொல்ல முடியாது சார். உங்கள மாதிரி நூறு பேர்ல எத்தன பேருக்குன்னுதான், அதுவும் மூணு வருஷம் கழிச்சு, சொல்ல முடியும்” என்றார். பீடியை விட்டு, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, நடந்தால் எண் ஏறலாமாம். பீடியை விட்டேன் என்று போன வருடம் எழுதியது பொய். இந்த மாதம்தான் விட்டேன்.

துரைராஜ் மாடியில் இருக்கிறார் என்று எழுதியதும் பொய். டிசம்பரில் குடும்பத்தோடு காலி செய்துவிட்டார். ஒருவேளைதான் சமைக்கிறேன். சில நாள் ஆஸ்பத்திரியில்தான் முதல் வார்த்தை பேசுகிறேன். அந்தக் கட்டிலில் அவ்வளவு பேசியது அதனால்தான்.

அடுத்தது உன் அம்மா. அக்கா அப்படிச் சொல்லவில்லை. டாக்டர் கைவிரித்த அன்று, “மெஹ்ரீனுக்கு எழுதுடா, வந்துரட்டும்” என்றாள். எழுதுகிறேன் என்றேன். உட்கார்ந்தேன், சாம்பார்ச் சண்டைதான் வந்தது. மறுவாரம், “எழுதினியா, எப்ப வர்றாளாம்?” என்று கேட்டாள். “டிக்கெட் பாத்துக்கிட்டிருக்கா” என்றேன். அதிலிருந்து கடைசி வரைக்கும் வாசல் பக்கமே திரும்பிப் படுத்திருந்தாள். நீ மாசமாக இருந்ததால் சொல்ல வேண்டாம் என்றாள் என்பது நான் கட்டிய கதை. உன் அம்மா பெயரைச் சொல்லி ஊரை நம்பவைத்தேன். எழுதிவிட்டால் நடந்துவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

உன் பெயரை எடுத்துவிடச் சொன்னாலும் நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். வருத்தப்படுவேன். ஆனால் எடுக்கச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது.

பாட்சா மாமா


ஷார்ஜா
22.4.2006

மாமாவுக்கு,

ஒரு மாதமாக இதை எழுத முடியவில்லை.

டாக்டரிடம் பேசிவிட்டேன். என் பெயர் இருக்கட்டும் என்றேன். உங்களைப் பரிசோதிக்கும் நாளில் எனக்கு போன் செய்து உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லியிருக்கிறேன். ஏதாவது என்றால் கிளம்பி வருவேன். மூன்றாம் நாள் வர மாட்டேன், முதல் நாளே வருவேன். உறவு என்ற இடத்தில் திருத்தி எழுதட்டுமா என்று கேட்டார். எழுதியதை அடிக்க வேண்டாம் என்றேன். எனக்குச் சோறு ஊட்டியதும் நீங்கள்தான், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் நீங்கள்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். போனும் வேண்டாம். உறை மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே, அம்மா வாசலைப் பார்த்துப் படுத்திருப்பது தெரிகிறது. எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மாத்திரையை விடாமல் போடுங்கள்.

மெஹ்ரீன்


கீழ்க்கட்டளை
12.8.2006

மெஹ்ரீனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதைத் தபாலில் போடப் போவதில்லை, ஆகவே உன் வார்த்தையை மீறியதாக ஆகாது.

இன்று இரண்டாவது பரிசோதனை. நான்கரை வந்திருக்கிறது. தினமும் ஈச்சங்காடு வரை நடந்து திரும்புகிறேன், பீடி இல்லை. இன்று கட்டிலில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேதசிரோமணி அளந்து முடித்துவிட்டு, “இன்னா பாய், உடம்பு சரியில்லியா?” என்று கேட்டார்.

டாக்டர் உனக்கு போன் செய்தபோது நான் எதிர் நாற்காலியில்தான் இருந்தேன். “நாலரைம்மா. தேவலை. ஆனா கவனமா இருக்க வேண்டியவங்க வரிசையிலதான் இன்னும் இருக்கார்” என்றார். நீ ஏதோ கேட்டாய். “சாப்பிடறார். கொஞ்சம் இளைச்சிருக்கார்” என்றார். இன்னொன்று கேட்டாய். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இங்கதாம்மா உக்காந்திருக்கார்” என்றார். போனை என் பக்கம் நீட்டுவார் என்று நினைத்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டேன். நீ என்ன சொன்னாயோ, “சரிம்மா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். நான்கு நிமிடம் பேசியிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து, ‘நீ விசாரித்தாய், எனக்கு அது போதும்’ என்று எழுதினேன். அதுவும் பொய். அந்த வரியை அடித்துவிட்டேன்.

பாட்சா