நோய்ச் சல்லி

அக்குறணை,
1937 ஜூலை 24.

அன்பு மகன் ஹலீமுக்கு உன் உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் வாப்பாவும் நானும் தங்கச்சி ஹிதாயாவும் இங்கே சுகம், பம்பாயில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இங்கே மழை இன்னும் விடவில்லை, பின்னால் நின்ற மிளகுக் கொடிகள் அழுகிப்போயின. ஹிதாயாவுக்கு மடவளையிலிருந்து ஒரு பேச்சு வந்திருக்கிறது, மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், வாப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. கடை எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். புடைவை வியாபாரத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வாப்பாவுக்கு வேறொரு வேலை வந்து சேர்ந்தது, அதைத்தான் இதில் எழுதப்போகிறேன்.

அரசாங்கத்து ஆள் ஒருவர் வந்து கடைத்தெருவில் ஒரு யோசனையைச் சொல்லிவிட்டுப் போனாராம். அது சட்டமானால் கடையில் ஆள் வைத்திருக்கிற முதலாளிமார் ஒவ்வொரு ஆளுக்கும் மாதாமாதம் பணம் கட்டவேண்டும், வேலை செய்கிறவர் சம்பளத்திலும் ஒரு பங்கு பிடிக்கவேண்டும், கட்டாவிட்டால் கோட்டுக்குப் போகவேண்டும். அந்தச் சல்லியில் ஊருக்கு ஒரு மருந்துச்சாலை வைத்து, நோய் பார்த்து மருந்து கொடுக்க அப்போதிக்கரி ஒருவரைப் போட்டு, நோயில் படுத்தவருக்குப் பாதிச் சம்பளமும் கொடுப்பார்களாம். ஊரார் இதற்கு நோய்ச் சல்லி என்று பேர் வைத்துவிட்டார்கள். வாப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. என் கடை ஆளுக்கு நோய் வந்தால் பார்க்க எனக்குத் தெரியும், நடுவில் அரசாங்கக் கந்தோர்க்காரன் எதற்கு, இன்றைக்கு நோய்க்கென்று பிடிக்கிறவன் நாளைக்கு எதற்கென்று பிடிப்பானோ என்றார். வராத நோய்க்கு முன்கூட்டியே சல்லி கட்டுவது சூது மாதிரி அல்லவா என்று பள்ளிவாசல் லெப்பையும் சொன்னார். இரும்புக்கடை ஹாஷிம் நானா மட்டும் ஊருக்கு மருந்துச்சாலை வந்தால் நல்லதுதானே என்று இழுத்தார், பிறகு தானும் கட்டவேண்டும் என்பது நினைவு வந்து பேச்சை மாற்றிவிட்டார்.

இது வேண்டாமென்று அரசாங்கத்துக்குப் பெட்டிசம் எழுதுவதற்கான கூட்டத்தை வாப்பா நம் வீட்டு முன்மண்டபத்தில்தான் வைத்தார். கதிரை போதாமல் பாய் விரித்தோம், கடைகளில் வேலை செய்கிறவர்களும் வந்து ஓரமாக நின்றார்கள், நாங்கள் பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டோம். வாப்பா நன்றாகத்தான் பேசினார். கடைசியில், மலேரியாக் காய்ச்சல் வந்த வருஷம் இந்தத் தாஸிம் எழும்ப முடியாமல் கிடந்தானே, அவன் குடும்பத்தைப் பார்த்தது அரசாங்கமா நானா, அவனையே கேளுங்கள் என்றார். நம் கடையில் துணி அளக்கிற தாஸிம்தான், உனக்கு சைக்கிள் பழக்கினவர். அவர் எழும்பி, முதலாளி சொன்னது அத்தனையும் உண்மை, அரிசிக்கும் மருந்துக்கும் ஒரு நாளும் குறை வைக்கவில்லை, அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்யட்டும் என்றார். வாப்பா தலையை ஆட்டினார். ஆனால் தாஸிம் உட்காரவில்லை. நான் படுத்திருந்த காலமெல்லாம் என் பெண்சாதி மஸீனா விடிந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு முதலாளி வீட்டுப் பின்பக்கம் போய் நின்றாள், அந்த வீட்டு மாமி கண்டு என்ன வேணும் என்று கேட்கும்வரைக்கும் நின்றாள், எனக்குக் காய்ச்சலைவிட அதுதான் கஷ்டம், நான் கட்டின சல்லி என்றால் நானே நிமிர்ந்து போய்க் கேட்பேன், அதனால் எனக்கு இந்த நோய்ச் சல்லி வேணும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் எல்லாப் பெண்களும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஒரு நாளும் அவளுக்கு முகம் சுளித்ததில்லை மகன், கேட்டதற்கு மேலேயே அள்ளிக் கொடுத்தேன். எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அடுப்படியில் கைவேலையாக இருந்திருப்பேன். நான் செய்ததில் என்ன பிழை என்று இப்போதும் விளங்கவில்லை, அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

வாப்பா கோபப்படவில்லை, அவன் மனதில் பட்டதைச் சொன்னான் என்றதோடு விட்டுவிட்டார். கண்டியில் கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு புரொக்டரிடம் இங்கிலீசில் பெட்டிசம் எழுதுவித்து முதலாளிமார் எல்லாரும் கையொப்பம் வைத்து அனுப்பினார்கள். வேறு ஊர்களிலிருந்தும் போயிருக்கும்போல, கொஞ்ச நாளில் அந்த யோசனையைக் கைவிட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கடைத்தெருவில் சர்பத் கொடுத்தார்கள், தாஸிமும் வாங்கிக் குடித்தாராம். வேலைக்கு ஒழுங்காக வந்தார், ஆனால் பகலில் நான் கடைக்கு அனுப்புகிற சோற்றை வாப்பாவோடு இருந்து சாப்பிடுகிறவர் தன் வீட்டிலிருந்து பொதி கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். வாப்பா அதை என்னிடம் சொல்லவில்லை, மிஞ்சி வந்த சோற்றைப் பார்த்து நானே அறிந்துகொண்டேன்.

போன மாதம் மஸீனாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை சுகம், தாய்க்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். வருவாள் அல்லது யாரையாவது அனுப்புவாள் என்று பார்த்திருந்தேன், யாரும் வரவில்லை. மனம் கேட்காமல் திரை கட்டின வண்டியில் ஹிதாயாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அனீஸா, நேற்றே வாடகைக் காரில் கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். கார்க்காரனுக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன். அவள் சொல்லித்தான் தெரியும், அந்த யோசனை நின்றுபோன பிறகு கடைத்தெருவில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் ஒன்று தொடங்கியிருக்கிறார்களாம். சம்பளம் வாங்கினதும் ஆளுக்குக் கொஞ்சம் ஒரு பிஸ்கோத்துத் தகரப் பேணியில் போடுகிறார்கள், யார் நோயில் படுத்தாலும் அதிலிருந்து எடுக்கலாம். நம் ஆட்களோடு தோட்டத்து லொறி ஓட்டுகிற ராஜலிங்கமும் சேர்ந்திருக்கிறாராம், அன்றைக்குக் கார் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

வாப்பாவிடம் சொன்னேன். சந்தோஷம்தான் பட்டார், இதைத்தானே நான் சொன்னேன், கட்டாயம் வேண்டாம், மனம் உள்ளவன் செய்யட்டும் என்று, பார்த்தாயா என்றார். ஜும்ஆ முடிந்து அவர்கள் கூடுகிற தேத்தண்ணிக் கடைக்குத் தானே போய், என் பங்கும் இருக்கட்டும் என்று நோட்டை நீட்டியிருக்கிறார். தாஸிம் எழும்பி தான் இருந்த வாங்கில் இடம் கொடுத்து, தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்து, முதலாளி கோபிக்கக் கூடாது, இது வேலை செய்யிறவங்கட, நீங்க போட்டா நாங்க திரும்பவும் உங்கட சல்லியிலதான் மருந்து குடிக்கிறோம் என்று மெதுவாகச் சொன்னாராம். வாப்பா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நான் மருந்தையா வேண்டாமென்றேன், கட்டாயத்தைத்தானே என்று என்னைக் கேட்டார். நான் சோற்றைப் போட்டேன்.

மஸீனா சுகமாகி வந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். போன கிழமை பிள்ளையைப் பார்க்கப் போனேன். கதிரையைத் துடைத்து என்னை இருக்கச் சொல்லி, தானும் பக்கத்தில் இருந்து, பிள்ளையை என் மடியில் தந்தாள். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் இருந்து கதைத்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைப்பேற்றைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும்தான் பேசினோம், நல்ல கெட்டிக்காரி.

உனக்கும் வயது ஏறுகிறது, வேளைக்குச் சாப்பிடு, அங்கேயும் மழைக்காலம் என்று எழுதியிருந்தாய், ஈரத் தலையோடு படுக்காதே, சுபஹுத் தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் தருவானாக. இன்னொன்று, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாப்பா பக்கத்தில் வந்து நின்று, அவனும் அங்கே இன்னொருவன் கடையில்தானே வேலை செய்கிறான், கூட வேலை செய்கிறவர்கள் இப்படி ஏதாவது வைத்திருந்தால் சேர்ந்துகொள்ளச் சொல்லு, இல்லாவிட்டால் அவனையே தொடங்கச் சொல்லு என்றார். தான் சொன்னதாக எழுதவேண்டாம் என்றும் சொன்னார், நான் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் நலனையே நாடும் உம்மா,
சித்தி பாத்திமா.