இருக்கை பற்றிய தீர்மானம்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் வணிகர் சங்கத்துக்கு இந்த ஆண்டு எழுபத்தைந்து. தலைவர், அதாவது இரும்புக்கடைக்காரர், காலையிலேயே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். "சங்கத்தோட வரலாற்றை நீங்கதான் எழுதணும். முப்பத்திரண்டு வருஷமா செயலாளரா இருக்கீங்க, வேற யாருக்குத் தெரியும்?"

விழா மலரில் விளம்பரத்துக்கு அறுபது பக்கம், வரலாற்றுக்குப் பத்துதானாம். பீரோ உச்சியிலிருந்து நடவடிக்கைப் புத்தகங்களை இறக்கினேன். பதினேழு. தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோனது.

மார்ச் 6, வியாழன்

குடைக்கடை மாடியில் பன்னிரண்டு பேர் கூடித் தொடங்கியிருக்கிறார்கள். முதல் மனு, கடைத்தெருவுக்கு விளக்கு கேட்டு. விளக்கு வர நான்கு ஆண்டு. இடையில், கூட்டத்தில் தேநீரோடு பிஸ்கட் கொடுக்கலாமா என்று மூன்று கூட்டம் காரசாரமாக விவாதித்திருக்கிறார்கள். ஒருவர் வெளிநடப்பு!

ஆனால் வெள்ளம் வந்த ஆண்டு, யாரும் விலை ஏற்றக் கூடாது என்று முடிவெடுத்து, மீறிய மளிகைக்கடைக்காரரைச் சங்கத்தைவிட்டே நீக்கியிருக்கிறார்கள். படிக்கும்போது பெருமையாக இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

பதினோராம் புத்தகம். என் கையெழுத்து தொடங்குகிறது. அப்போது எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

நேற்று மேலே எழுத மனம் வரவில்லை.

பக்கம் 43. மருந்துக்கடை அம்மா கொண்டுவந்த தீர்மானம்: வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் விற்பனைப் பெண்கள் உட்கார, ஒவ்வொரு கடையும் இருக்கை போட வேண்டும். கீழே நான் எழுதியது: "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது."

அடுத்த கூட்டத்தில் அது இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பதினேழாம் புத்தகம் வரை புரட்டிவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். பொய். அன்றைய தலைவர், ஜவுளிக்கடைப் பெரியவர், மாடிப்படியில் என் தோளில் கைபோட்டார். "அந்த விஷயத்தை இந்தத் தடவை சேக்க வேணாம் தம்பி. அப்புறம் பாத்துக்கலாம்." சரிங்க என்றேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மருந்துக்கடை அம்மா அடுத்த மாதமே கடையை விற்றுவிட்டு ஊர் மாறிப் போனார். கேட்க ஆளில்லை.

பெரியவர் கடையில், திரைச்சீலைப் பிரிவில், அப்போது நின்றுகொண்டிருந்தது யார்? என் அக்கா.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாக முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப கடையில பேச்சு அடிபட்டுச்சுடா, ஸ்டூல் வரப்போகுதுன்னு. எங்க போட்டா முதலாளி கண்ணுல படாதுன்னு நாங்க இடம்கூடப் பாத்து வெச்சிருந்தோம்" என்றாள். "அத நிறுத்தினது நீதானா?"

ஆமாம் என்றேன்.

"அந்தத் துண்ட எடு."

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்ல? ஏன் திட்டல? இருபத்தாறு வருஷம் நின்னாளே. நான் நாற்காலியில உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தேன் —

மார்ச் 12, புதன்

கூட்ட அறிவிப்பைத் தட்டச்சு செய்தேன். கடைசியில்: "நிலுவையில் உள்ள தீர்மானம், இருக்கை பற்றியது." தலைவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"விழா நேரத்துல இது எதுக்குங்க?"

"ஏற்கெனவே முப்பத்திரண்டு வருஷம் தாமதமாயிடுச்சுங்க."

என்னையே பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

ஜவுளிக்கடையை இப்போது பெரியவரின் மகன்தான் நடத்துகிறார். அவர்தான் முதலில் எழுந்தார். "வாடிக்கையாளர் வரும்போது எந்திரிச்சு நிக்கறதுதான் மரியாதை. ஸ்டூல் போட்டா கடை தூங்கி வழியும்." சிலர் தலையாட்டினார்கள்.

நான் சம்பளத்துக்கு இருக்கும் செயலாளர். எனக்கு ஓட்டுக் கிடையாது. பேச அனுமதி கேட்டேன். பக்கம் 43-ஐப் படித்தேன். அதை அடுத்த கூட்டத்தில் சேர்க்காமல் விட்டவன் நான் என்றேன். புத்தகத்தை மூடி மேசையில் வைத்தேன். அக்காவின் காலைப் பற்றியும் சொன்னேன். எந்தக் கடை என்று சொல்லவில்லை. ஜவுளிக்கடைக்காரருக்குத் தெரியும். சின்ன வயதில் அவரைக் கடையில் தூக்கி வைத்துக்கொண்டதே அக்காதான்.

தலைவர் கை தூக்கச் சொன்னார்.

ஆதரவு பத்தொன்பது, எதிர்ப்பு பதினான்கு. ஜவுளிக்கடைக்காரர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

வரலாறு எழுதி முடித்தாயிற்று. பன்னிரண்டு பக்கம் வந்துவிட்டது. பக்கம் 43-ம் இருக்கிறது, என் தவறோடு. பிஸ்கட் விவாதத்தைத்தான் வெட்டச் சொன்னார் தலைவர். வெட்டவில்லை.

மே 24, சனி

அக்கா வேலையிலிருந்து நின்றபின் அந்த ஜவுளிக்கடைப் பக்கமே போனதில்லை. இன்று அவளாகவே, "முன் அறைக்குத் திரைச்சீலை வாங்கணும், வாடா" என்றாள்.

திரைச்சீலைப் பிரிவில் இருந்த பெண், தூணுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பதறி எழப் போனாள். அக்கா கையமர்த்தினாள்.

"உக்காரும்மா, உக்காரு. நீ எந்திரிச்சா என் தம்பிக்கு மனசு கேக்காது."

நீலத்தில் நான்கு மீட்டர் வாங்கினோம்.