பதினாறாம் வாய்ப்பாடு

டீச்சர்,

பக்கத்து வீட்டில் மல்லாட்டை அவிக்கிறார்கள். வேகும் வேர்க்கடலையின் ஈர மண் வாசனையோடு ஆவி ஜன்னல் வழியே வருகிறது. திண்டிவனம் பெண்கள் பள்ளியில் நான் உங்கள் சக டீச்சராக வேலைக்குச் சேர்ந்த அன்று, முன்பின் தெரியாத என் கையில் நீங்கள் ஒரு பொட்டலம் மல்லாட்டையைத் திணித்தீர்கள். 'இவளுக்கு நம்மிடம் என்ன வேண்டும்?' என்று யோசித்துக்கொண்டேதான் தின்றேன். என் புத்தி அப்படி. நீங்கள் போய்விட்ட சேதி வந்தபோதுகூட இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் அழுதேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு வலிப்பு உண்டு என்பது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. மாத்திரையைச் சீரக டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன். தலைமையாசிரியை, அதாவது நம் பெரிய டீச்சர், காதுக்குப் போனால் அன்றோடு வேலை போய்விடும். அப்பா இல்லாத வீட்டுக்கு அந்த வேலைதான் சோறு. உங்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்ததால், நீங்கள் தூங்கிய பிறகுதான் அந்த டப்பாவைத் திறப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடிக்கும்போது விழுந்தேன். கண் திறந்தபோது வீட்டுக்கார அம்மாள் சாவிக்கொத்தோடு நின்றாள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பதுதானே ஊர் வைத்தியம். "சாவியெல்லாம் வாணாம்மா. நவுந்து நில்லுங்க, காத்து வரட்டும்" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் ஒருக்களித்துக் கிடந்தேன். தலைக்கடியில் உங்கள் நல்ல புடவை, என் எச்சிலில் நனைந்து.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "எத்தினி நாளா இருக்குது டீச்சர்? வர்றதுக்கு முன்னாடி தெரியுமா?" என்று நீங்கள் கேட்டதெல்லாம் எனக்குப் போலீஸ் விசாரணையாகப் பட்டது.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நீங்கள் ஏதோ குசுகுசுத்ததைப் பார்த்தேன். நான் நுழைந்ததும் அத்தனை வாயும் மூடிக்கொண்டது. மறுநாள் முதல் வரிசை பெஞ்சு ஒரு முழம் பின்னால் தள்ளிப் போட்டிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது: என் இடத்துக்கு உங்கள் தங்கையைக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள். உங்களுக்குத் தங்கையே கிடையாது என்று நினைவு வந்ததும், சித்தப்பா மகள் இருப்பாள் என்று முடிவு செய்தேன். உங்களோடு பேச்சை நிறுத்தினேன். அதே அறையில் தனி அடுப்பு மூட்டினேன்.

அந்த மாதமே வகுப்பில் விழுந்தேன். நினைவு திரும்பியபோது முதலில் காதுதான் விழித்தது. பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கூரை பிய்ந்துபோகும்படி கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒருக்களித்துக் கிடந்தேன்; தலைக்கடியில் யாருடைய பையோ. கதவு சாத்தியிருந்தது. பக்கத்து அறை பெரிய டீச்சருடையது. ஒருத்தி குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முழிச்சிட்டாங்க, போதும் நிறுத்துங்கடி" என்றாள். மறுநாள் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உங்க கிளாஸு வாய்ப்பாடு நல்லா சொல்லுதுங்க" என்றார். அதற்கு உள்ளர்த்தம் இருக்குமோ என்று ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை.

விழுந்த அன்று சாயங்காலமே உங்களிடம் சண்டைக்கு வந்தேன். "என்னப் பத்தி ஏன் புள்ளைங்ககிட்ட சொன்னீங்க?"

"உழுந்தா இடிச்சிக்காம பெஞ்ச தள்ளிப் போடுங்க, ஒருக்களிச்சி படுக்க வைங்க, வாயில ஒண்ணும் திணிக்காதீங்க, வெளிய சொல்லிக்கினு திரியாதீங்கன்னு மட்டுந்தான் சொன்னேன் டீச்சர். வாய்ப்பாடு அதுங்களா பண்ணது" என்றீர்கள். உங்களுக்கே சிரிப்பு தாங்கவில்லை. பிறகு சொன்னீர்கள்: "நீங்க யாரையும் நம்ப மாட்டீங்க. சரி, நம்பாமயே இருங்க. வுழும்போது பக்கத்துல ஆளு இருக்கணும், அவ்ளோதான்."

கேட்காமல் சொன்னதற்காக உங்கள் மேல் இருந்த கோபம் முழுதாக ஆறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ராத்திரி ஒரே அடுப்பில்தான் சமைத்தோம்.

அறுபதுகளில் விழுப்புரத்துக்கு மாற்றலானேன். நீங்கள் உடன் இல்லை. முதல் நாள் நானே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்: "எனக்கு வலிப்பு வரும். பயப்படாதீங்க." கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "எனக்கும் வரும் டீச்சர். யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றாள். யாரோ சொல்லிக்கொடுத்து எழுப்பிவிட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், கதவு சாத்தியிருக்கிறதா என்று அவள் திரும்பிப் பார்ப்பதைக் கண்டேன்.

அவளை முன்னால் வரச் சொன்னேன். வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்புக்குக் காட்டத் தரையில் படுத்தேன். அவள் என்னை ஒருக்களித்துத் திருப்பினாள். நாற்பது பேர் சுற்றி நிற்க, நானாகக் கண்ணை மூடிக்கொண்டேன் டீச்சர்.